படுக்க முடியாதவள்

மலேசியாவில் லிங்கி ஊருக்கு அந்தப் பக்கத்து எஸ்டேட்டில் ஆறுமுகம் செம்பனைக் குலை அறுத்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி மயிலம்மாள் உதிரிப் பழம் பொறுக்கினாள். அவள் நிமிர்ந்த நேரம் பார்த்து மட்டை ஒன்று திரும்பி விழுந்து தொண்டையில் இடித்தது.

வேறொருத்தியாக இருந்தால் வீங்கி வடிந்திருக்கும். மயிலம்மாளுக்குக் குருத்தெலும்பை அரிக்கும் வியாதி. மூக்குத்தண்டு ஏற்கெனவே அமுங்கிவிட்டது. மூச்சுக்குழாயும் இளகிவிட்டது, மல்லாந்து படுத்தால் அடைத்துக்கொள்ளும் என்று பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லியிருந்தார். இரண்டு வருடமாக அவள் தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்குகிறாள்.

ஆறுமுகம் அவளை எஸ்டேட் கிளினிக்குக்குத் தாங்கிக் கொண்டுபோனான். அங்கே மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர் இராஜமாணிக்கம் வெள்ளைக் கோட்டின் பொத்தான்கள் முழுவதையும் போட்ட பிறகே வெளியே வந்தார். படுக்காத நோயாளியை அவர் நோயாளியாக மதிப்பதில்லை.

"கட்டில்ல படுக்க வை. புதுக் கட்டில், துவான் மேனேஜரே தொறந்து வெச்சது."

"படுத்தா மூச்சு நின்னுரும்ங்கய்யா. வேன் குடுங்க."

"வேனுக்கு துவான் சைன் வேணும்லா. மீட்டிங்ல இருக்காரு. நீ டாக்டரா, நான் டாக்டரா?"

"ரெண்டு பேரும் இல்லீங்கய்யா."

மயிலம்மாள் முட்டியில் கையூன்றிக் குனிந்து, சீட்டியடிப்பதுபோல் மூச்சிழுத்தாள். டிரெஸ்ஸர் அவள் தோளைப் பிடித்துக் கட்டிலில் சாய்த்தார். சீட்டிச் சத்தம் நின்றது. ஆறுமுகம் தூக்கி உட்காரவைத்ததும்தான் திரும்பி வந்தது. அதற்குமேல் அவன் யாரையும் கேட்கவில்லை. குலை ஏற்ற வந்த லோரியின் முன்சீட்டில் அவளை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு போனான்.

ஆஸ்பத்திரியில் யாரும் அவளைப் படுக்கச் சொல்லவில்லை. உட்கார்ந்தபடியே ஆக்சிஜன் வைத்து, கழுத்தை மரக்கவைத்து, தொண்டைக்குக் கீழே துளைபோட்டுச் சிறிய குழாய் ஒன்றைச் செருகினார்கள்.

மூன்றாம் வாரம், குழாயின் வாயைக் கட்டைவிரலால் மூடி நாலு வார்த்தை பேசப் பழகியிருந்தாள். எஸ்டேட் ஆபீஸ் கிராணி மகேந்திரன் பழக்கூடையும் நிரப்பிய பாரம் ஒன்றும் கொண்டுவந்தார். ஆறுமுகம் வேலையில் இருந்தான். கேட்காமல் லோரியைக் கொண்டுபோனதற்கு அவனுக்கு வார்னிங் கடிதம் வந்திருந்தது.

"பழைய வியாதினால ஆனதுன்னு எழுதியிருக்குக்கா. சும்மா சைன்தான்."

குழாயை மூடினாள். "மட்டை விழுந்துச்சேப்பா."

"சரிக்கா. வியாதி இல்லாட்டி இவ்ளோ ஆயிருக்குமா?"

"அப்ப சொக்சோ பணம்?"

"வேலையில அடிபட்டவங்களுக்குத்தானே அது. ரொம்பப் பேசாதீங்க, டாக்டர் ஏசுவாரு. சைன்கூட வேணாம், ரேகை போதும்லா."

அவள் மறுபடி கட்டைவிரலைக் கழுத்துக்குக் கொண்டுபோனாள். மகேந்திரன் அதைப் பாதி வழியிலேயே பிடித்து, வலிக்காமல், மைப்பெட்டியில் அழுத்தினார்.