கார்டு நிறைய முருகன்

லாயாங் லாயாங் என்ற சிற்றூரில், தண்டவாளத்தை ஒட்டிய முருகன் கோவிலுக்குள் கைப்பேசிக்கு அனுமதி இல்லை. போன தைப்பூசத்தில், பாலாபிஷேகம் நடந்துகொண்டிருந்தபோது, யாருடைய பையிலோ ஒரு குத்துப்பாட்டு ஒலித்தது. பையைத் தேடிப் பிடித்து நிறுத்துவதற்குள் குருக்களின் வலது கால் தாளம் போட்டுவிட்டது. கால் செய்த குற்றத்துக்குக் கைப்பேசிகளைத் தண்டித்தார் கோவில் தலைவர் ராஜசேகரன். அன்றிலிருந்து வாசலில் ஒரு பிரம்புக்கூடை. வருகிறவர்கள் கைப்பேசியை அதில் போட வேண்டும். கூடை அலுவலக இரும்பு அலமாரிக்குள் போகும். அலமாரிச் சாவி பொருளாளர் விஜயனின் இடுப்பில் போகும்.

உள்ளே படம் எடுக்க உரிமை பெற்ற கருவி ஒன்றே ஒன்று. கோவிலுக்குச் சொந்தமான பழைய டிஜிட்டல் கேமரா. அதை வைத்திருந்தவர் ஐயாசாமி.

ஐயாசாமி பக்கத்து நகரமான குளுவாங்கில், பிஸ்கட் தொழிற்சாலை ஒன்றில் பேக்கிங் பிரிவு மேற்பார்வையாளர். விடுமுறை நாளெல்லாம் கோவில் வேலை. யாரிடமும் முகம் கோணாத மனிதர். ஆனால் கேமராவைப் பொறுத்தவரை அவருக்குச் சில பழக்கங்கள் இருந்தன. தீபாராதனை காட்டும்போது அவருடைய வலது கை தானாகவே கன்னத்தில் போட்டுக்கொள்ளக் கிளம்பிவிடும். கேமரா இடது கையில் ஆடிக்கொண்டே படம் எடுக்கும். அதனால் அவர் எடுத்த படங்களில் முருகன் மூன்று பேராகத் தெரிவார். சில படங்களில் மயில் அப்போதுதான் பறக்கத் தொடங்கியது போலிருக்கும்.

அப்படிப்பட்ட படங்களையும் அவர் அழிக்க மாட்டார். "கலங்கினாலும் முருகன் முருகன்தானே?" என்பார். கை தவறி அழிந்துவிடக் கூடாதென்று ஒவ்வொரு சாமி படத்துக்கும் சாவிக் குறி போட்டுப் பூட்டியும் வைத்திருந்தார்.

கணினிக்கு மாற்றி வைக்கலாமே என்று கேட்டால், மாற்றிக்கொண்டுதான் இருந்தார். கேமரா தானாகப் போடும் எண்ணோடு சாமியை விட்டுவைக்க அவருக்கு மனம் வரவில்லை. "நம்பர் போட்டுக் கூப்பிட முருகன் என்ன ஜெயில்லயா இருக்கார்?" ஆகவே ஒரே விரலால் ஒவ்வொரு படத்துக்கும் பெயர் தட்டுவார். 'அருள்மிகு வள்ளி தெய்வானை சமேத ஸ்ரீ சுப்ரமணியர், ஆடிக் கிருத்திகை, சந்தனக்காப்பு, இடது பக்கத்திலிருந்து, கொஞ்சம் கலங்கியது.' பெயர் நீளமென்று கணினி மறுத்துவிடும். எந்தப் பட்டத்தை வெட்டுவது என்று யோசிப்பதிலேயே அன்றைய பொழுது போய்விடும். மாற்றிய படத்தையாவது கேமராவின் மெமரி கார்டிலிருந்து எடுக்கலாம் என்றால், அங்கேயும் அவர் முருகன்தானே!

கார்டில் இடம் வேண்டியபோதெல்லாம் அவர் மனிதர்களை அழித்துவந்தார்.

இந்த நிலையில்தான் ரூபினியின் கல்யாணம் வந்தது.

ரூபினிக்கு அப்பா இல்லை. அம்மா பிரேமலா மட்டும்தான். கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது பிரேமலா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். குளுவாங் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கல்யாண நாளன்று மதியம் அறுவை சிகிச்சை. கல்யாணத்தைத் தள்ளி வைக்கலாம் என்றதும் படுக்கையிலிருந்தே பிரேமலா சத்தம் போட்டார்.

"தேதியை மாத்துனீங்க, நான் ஆபரேஷனுக்கே போகமாட்டேன்! ஒண்ணே ஒண்ணு செய்யி ரூபினி. என்னை உள்ள தள்ளிக்கிட்டுப் போறதுக்கு முன்னாடி, மாப்பிள்ளை உனக்குத் தாலி கட்டுறதை எனக்குக் காட்டிரு. அதைப் பாத்துட்டா தைரியமா கண்ணை மூடிக்குவேன்."

"கண்ணை மூடுறதுன்னெல்லாம் பேசாதம்மா!"

"மயக்க மருந்து குடுத்தா மூடத்தானே வேணும்?"

ரூபினி தலைவரிடம் போய், ஒரே ஒரு கைப்பேசிக்கு அனுமதி கேட்டாள். ராஜசேகரனுக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் சட்டம் அவர் போட்டது.

"உனக்கு விட்டா அடுத்தவங்களுக்கும் விடணும்மா. நம்ம கேமரா இருக்கு லா! ஐயாசாமி எடுத்ததும், கேமராவையே கையில பிடிச்சுக்கிட்டுக் குளுவாங் போயிரு. அம்மா அதுலயே பாக்கட்டும்."

கல்யாணக் காலை. மணவறையில் ரூபினி, பக்கத்தில் மாப்பிள்ளை யுகேந்திரன். சிங்கப்பூரில் வேலை செய்பவன், அமைதியான பையன். ரூபினி காலையிலிருந்து அழுதுகொண்டே இருந்ததால் அவளுடைய பெரியம்மா தனலெட்சுமி பக்கத்தில் நின்று மை துடைக்கும் பணியை ஏற்றிருந்தார். குருக்கள் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். ஐயாசாமி கேமராவை உயர்த்திப் பொத்தானை அழுத்தினார்.

அது படம் எடுக்கவில்லை. கார்டு நிறைந்துவிட்டது என்று திரையில் எழுதிக் காட்டியது.

இன்னொரு முறை அழுத்தினார். அதையேதான் சொன்னது.

"தலைவரே," என்றார் ஐயாசாமி மெல்ல. "இடம் இல்ல."

"யாருக்கு? நாற்காலி போடச் சொல்றேன்."

"கேமராவுல."

ராஜசேகரனின் முகம் மாறியது. "அலமாக்! போன மாசம் அன்னதானத்துல எடுத்தீங்களே, எனக்குப் பொன்னாடை போட்டது, அதெல்லாம் அழிச்சிருங்க லா."

"அதெல்லாம் அப்பவே அழிச்சிட்டேன்."

"என் பொன்னாடையையா?"

"உங்களை மட்டுமில்ல தலைவரே, எல்லாரையுமே அழிச்சிட்டேன். இப்ப உள்ள இருக்கிறது முழுக்க முருகன்தான்."

பொன்னாடை விஷயத்தைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று ராஜசேகரன் பெருந்தன்மையாக முடிவு செய்தார். சட்டத்தை உடைத்துவிடவும் தயாரானார். "விஜயன் எங்க? அலமாரியைத் திறக்கச் சொல்லுங்க. ஒரு போனை எடுங்க!"

விஜயன், பந்திக்கு வாழையிலை போதாதென்று பக்கத்து ஊரான ரெங்கத்துக்குப் போயிருந்தார். சாவி அவர் இடுப்பில்.

"போன் பண்ணிக் கூப்பிடுங்க!"

எல்லாருடைய கைப்பேசியும் அலமாரிக்குள் இருந்தது. விஜயனுடையதும் அங்கேதான் இருந்தது. சட்டம் என்றால் சட்டம் என்று முதல் ஆளாகக் கூடையில் போட்டவர் அவர்தான். அலமாரியோ பழைய தோட்ட அலுவலகத்திலிருந்து வந்தது, கடப்பாறைக்கும் வாய் திறக்காது. கோவிலின் மூன்று பக்கம் செம்பனைத் தோட்டம், நாலாவது பக்கம் தண்டவாளம். ஓடிப்போய் இரவல் வாங்க ஆள் இல்லை. முகூர்த்தம் முடிய இன்னும் கொஞ்ச நேரமே இருந்தது.

ரூபினி மணவறையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டாள். சத்தமில்லாமல் கண்ணீர் இறங்கியது. பெரியம்மா துண்டை மாற்றினார்.

"குடுங்க மாமா, நான் பாக்குறேன்," என்று யுகேந்திரன் மாலையோடு கையை நீட்டினான். வாங்கி, மொத்தத்தையும் அழிக்கும் பொத்தானை அழுத்தினான். ஐயாசாமி நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். கேமரா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, பூட்டிய படங்களை அழிக்க முடியாது என்றது.

"பாத்தியா, சாமியே விடமாட்டேங்குறார்!" என்றார் தனலெட்சுமி. பிறகு கேமராவை வாங்கிப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். "ஐயாசாமி அண்ணே, இதுல சாமி எங்க? எனக்கு வாழைப்பழந்தான் தெரியுது."

"பழத்துக்குப் பின்னாடி இருக்கார்மா."

"இது என்ன, முட்டை மாதிரி?"

எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். தீபாராதனை நேரத்தில் தலைவர் குறுக்கே வந்திருக்கிறார். படம் முழுக்க அவருடைய வழுக்கைத் தலை. ஓரத்தில் ஒரு வேலின் நுனி.

"இதை அழிங்க," என்றார் ராஜசேகரன் உடனே. "என் மண்டைதானே. நான் சம்மதிக்கிறேன்."

"உங்க மண்டைக்குப் பின்னாடியும் சாமி இருக்கார் தலைவரே," என்றார் ஐயாசாமி. அவர் கண்ணிலும் நீர் நின்றது. பிடிவாதத்தால் அல்ல, பயத்தாலும் அன்பாலும் வந்த நீர் அது. "ரூபினி எனக்கும் மக மாதிரிதான். ஆனா சாமியைப் போய் குப்பைத்தொட்டி படம் போட்ட பொத்தானால எப்படி லா?"

குருக்கள் மந்திரத்தை நிறுத்தினார். மணவறையின் ஓரத்தில் இருந்த மஞ்சள் பிள்ளையாரைக் காட்டினார்.

"ஐயாசாமி, இவர் யாரு?"

"பிள்ளையார், சாமி."

"காலையில நான்தான் மஞ்சளைப் பிடிச்சு வெச்சேன். எல்லாரும் கும்பிட்டேள். பூஜை முடிஞ்சதும் என்ன பண்ணுவேன்? வடக்கே கொஞ்சம் நகர்த்தி, 'போயிட்டு வாங்கோ'ன்னு சொல்லி, தண்ணியில கரைச்சுடுவேன். இத்தனை வருஷத்துல பிள்ளையார் எம்மேல கோவிச்சுண்டிருக்காரா?"

ஐயாசாமி யோசித்தார். "இல்ல."

"இவர் அண்ணன். உங்க கேமராவுல இருக்கிறவர் தம்பி. ஒரே குடும்பத்துக்கு ஒரே வழக்கம்தான். மரியாதையா வழியனுப்பிட்டு அழிச்சா அது பாவமில்லே. கொண்டாங்கோ."

இப்படியாக அந்தக் கேமரா ஒரு தாம்பாளத்தில், வெற்றிலைமேல் வைக்கப்பட்டது. திரையில் தலைவரின் வழுக்கை பளபளத்தது. குருக்கள் அதற்கு ஒரு பூ வைத்தார். பிறகு பஞ்சபாத்திரத்திலிருந்து தண்ணீரை எடுத்தார்.

"தண்ணி வேணாம் சாமி!" என்று அலறினார் ஐயாசாமி. "ரிப்பேர் பண்ற கடையே இப்ப இல்ல!"

குருக்கள் தண்ணீரை விட்டுவிட்டு அட்சதை தூவினார். வடக்கே நகர்த்த வேண்டும். வடக்கு எது என்று ஒரு சிறு விவாதம் எழுந்தது. "ரயில் குளுவாங்குக்குப் போற பக்கம்," என்று தனலெட்சுமி தீர்ப்புச் சொன்னார். கேமரா அந்தப் பக்கமாக ஒரு விரற்கடை நகர்ந்தது. எல்லாரும் கும்பிட்டார்கள். தம் வழுக்கையையே கும்பிட வேண்டியிருந்த ராஜசேகரன் கண்ணை மூடிக்கொண்டார்.

"இப்போ அழிங்கோ," என்றார் குருக்கள்.

ஐயாசாமி கேமராவை எடுத்தார். சாவிக் குறியை நீக்கினார். குப்பைத்தொட்டிப் பொத்தான்மேல் கட்டைவிரலை வைத்தார். அழுத்தவில்லை.

மேளக்காரர்கள் குருக்களைப் பார்த்தார்கள். குருக்கள் கடிகாரத்தைப் பார்த்தார்.

அப்போது ரூபினி பேசினாள். "வேணாம் மாமா, விடுங்க. உங்க மனசைக் கஷ்டப்படுத்தி எடுக்க வேணாம். நான் அம்மாகிட்ட வாயால சொல்லிக்கிறேன். அம்மா புரிஞ்சுக்குவாங்க."

அவ்வளவுதான் சொன்னாள். சொல்லிவிட்டு அவரைப் பார்த்துச் சிரிக்க முயன்றாள். ஆகமம் அறிந்தவர் சொல்லி இறங்காத விரல், அழுகிற பெண் ஒருத்தி விட்டுக்கொடுத்ததும் இறங்கிவிட்டது. நம்மிடம் முருகன் எதிர்பார்ப்பதும் அந்த அளவுதான் போலும்.

"போயிட்டு வா, அப்பனே," என்று முணுமுணுத்துக்கொண்டே ஐயாசாமி அழுத்தினார். வழுக்கை மறைந்தது. திரை, இன்னும் ஒரு படத்துக்கு இடம் உண்டு என்று காட்டியது.

"ஒண்ணே ஒண்ணா?" என்றார் ராஜசேகரன். "இன்னொருத்தரையும் அனுப்பிரலாமே?"

"ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா பூஜை பண்ண நேரமில்லே!" என்றார் குருக்கள். "ஒண்ணை ஒழுங்கா எடுங்கோ!"

எல்லாரும் ஐயாசாமியின் வலது கையைப் பார்த்தார்கள். ஐயாசாமியும் அதைப் பார்த்தார். கெட்டிமேளம் கேட்டால் அந்தக் கை என்ன செய்யும் என்று அவருக்கு நன்றாகவே தெரியும்.

"நான் நம்ப மாட்டேன் இந்தக் கையை," என்றார் பரிதாபமாக.

ராஜசேகரன் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு அவருக்குப் பின்னால் வந்து நின்றார். "ரெண்டு கையாலயும் கேமராவைப் பிடிங்க. உங்க கன்னத்துல நான் போட்டுக்கிறேன்."

"என் கன்னத்துலயா? உங்க கையாலயா?"

"சாமி கணக்குல ரெண்டும் ஒண்ணுதான் லா! கேமராவை மட்டும் ஆட்டாதீங்க!"

"கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்றார் குருக்கள்.

தவிலும் நாதஸ்வரமும் ஒன்றாக எழுந்தன. அட்சதை பறந்தது. யுகேந்திரன் தாலியைக் கழுத்தருகே கொண்டுபோய், படத்துக்காக, முடிச்சுப் போடாமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான். எதிரே, ஓய்வுபெற்ற அரசாங்க அதிகாரியான கோவில் தலைவர், ஐயாசாமிக்குப் பின்னாலிருந்து கையை நீட்டி, அவருடைய இரண்டு கன்னங்களிலும் மாறி மாறி, மிகுந்த பக்தியோடு போட்டுக்கொண்டிருந்தார். கண்ணை மூடியிருந்ததால் ஒன்றிரண்டு மூக்கில் விழுந்தன. ஐயாசாமி, கற்சிலை மாதிரி அசையாமல், கேமராவைப் பிடித்திருந்தார்.

பொத்தான் அமுங்கியது.

குளுவாங் ஆஸ்பத்திரிக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது, பிரேமலாவைக் கட்டிலோடு தாழ்வாரத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். பச்சை உடையும் தலையில் காகிதக் குல்லாவுமாக அவர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். கூறைப்புடவையோடு ரூபினி ஓடிவந்தாள். பின்னால் மாலையோடு யுகேந்திரன், அவனுக்குப் பின்னால், சிவந்த கன்னங்களோடு ஐயாசாமி.

"செப்பாட் சிக்கிட்," என்று அவசரப்படுத்திய மலாய்த் தாதி, புடவையைப் பார்த்ததும் கட்டிலைத் தள்ளுவதை நிறுத்திவிட்டார். அவரும் குனிந்து பார்த்தார்.

சின்னத் திரையில் படம் தெளிவாக இருந்தது. யுகேந்திரனின் இரண்டு கைகள். நடுவே மஞ்சள் கயிற்றில் தாலி. ஓர் அட்சதை கூட மங்கவில்லை. மணமகள் வாயெல்லாம் பல்லாக, கண் இடுங்க, விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

பிரேமலா நெடுநேரம் பார்த்தார்.

"ஏன்டி, தாலி கட்டும்போது யாராச்சும் இப்படியா சிரிப்பாங்க? அடக்கமா உக்காந்திருக்க வேணாம்? என்னதான் நடந்துச்சு அங்க?"

"தலைவர் மாமா... ஐயாசாமி மாமா கன்னத்துல..." ரூபினியால் முடிக்க முடியவில்லை. தன் கன்னத்தில் போட்டுக் காட்டினாள். ஐயாசாமி பணிவாக முகத்தைத் திருப்பிக் காட்டினார்.

பிரேமலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஐயோ, இடுப்பு! சிரிக்க வைக்காதீங்கடி!" என்று கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "நீ அழுதுக்கிட்டுத் தாலி வாங்கியிருப்பியேன்னு நான் ராத்திரியெல்லாம்..." என்று தொடங்கியவர் நிறுத்தி, கேமராவை மகளிடம் கொடுத்தார். மருமகனின் கையை ஒரு தட்டுத் தட்டினார்.

"போதும். தள்ளு, மிஸ்ஸி," என்றார் தாதியிடம்.

கட்டில் நகர்ந்தது. கதவு மூடிய பிறகும் உள்ளேயிருந்து, "ஐயோ, இடுப்பு!" என்ற சத்தமும் சிரிப்பும் மாறி மாறிக் கேட்டுக்கொண்டிருந்தன.