பந்துக்கு ஒரு கால், தறிக்கு ஒரு கால்

மாணிக்கவேல் சார் டேப்பை வீரபாகுவின் இடது தொடையில் சுற்றிப் பார்த்தார். வலதில் சுற்றினார். சந்தேகம் தீராமல் மறுபடியும் இடதுக்குப் போனார். காப்பித் தம்ளரோடு தறிக்கூடத்து நிலையில் நின்ற ரேணுகாம்பாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இன்னா சார், எங்க வூட்டுக்காரருக்கு ஜாக்கெட் தெக்கப் போறீங்களா?"

அவர் சிரிக்கவில்லை. "ஒதைக்கிற கால்தாம்மா எல்லாருக்கும் தடிச்சிருக்கும். இவனுக்கு ஒவ்வொரு தபா ஊருக்கு வந்துட்டுப் போறப்பவும் அது மெலிஞ்சிக்கினே வருது. நான் களம்பூர்ல தங்கச்சி வூட்டுக்கு வந்தேன், அதான் அப்டியே இங்க எறங்கிட்டேன்."

வீரபாகு சென்னைக் கம்பெனி ஒன்றுக்காகக் கால்பந்தாடிச் சம்பளம் வாங்குகிறவன். ஆட்டமில்லாத மாதங்களில் ஆரணிக்கு வந்து பட்டுத்தறியில் உட்கார்ந்துவிடுவான். போன வருஷம் அணியிலிருந்த தருமன், யாரும் மோதாமலே, ஓடுகிற ஓட்டத்தில் தொடைச் சதை கிழிந்து விழுந்தான். ஆட்டமும் போயிற்று, வேலையும் போயிற்று. அதற்கப்புறம்தான் கம்பெனி மாணிக்கவேலை வைத்துக்கொண்டது. அடிபட்டவனுக்குக் கட்டுப் போடுவதல்ல, அடிபடாமல் வைத்திருப்பது அவர் வேலை. ஆட்டத்துக்கு முன்னால் உடம்பைச் சூடேற்று, ஒற்றைக்காலில் நில், தொடையை நீட்டி மடக்கு என்று ஆட்டக்காரர்களைப் பிடுங்கி எடுப்பார். வீரபாகு அதையெல்லாம் வீட்டில் நடித்துக்காட்டிச் சிரிப்பான். ரேணுகாம்பாளுக்கோ தருமன் விழுந்த சேதி மனசிலேயே தங்கிவிட்டது. இந்த வருஷம் நன்றாக ஆடினால் வேலை நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள்.

"வூட்ல இந்தக் காலுக்கு இன்னாடா வேல குடுக்கற?" மாணிக்கவேல் வீரபாகுவின் வலது தொடையைத் தட்டிக் கேட்டார்.

புருஷன் வாயைத் திறக்குமுன் ரேணுகாம்பாள் முந்திக்கொண்டாள். "வேலயே குடுக்கறதில்ல சார். தறியில மிதிக்கிற மிதிகட்ட ரெண்டையும் நானே இடதுபக்கமா நெருக்கிக் கட்டிட்டேன். இடது காலாலயே மாத்தி மாத்தி மிதிப்பாரு. அது தறிக்கு, இது பந்துக்கு."

சொல்லும்போது அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அவர் குனிந்து, கால் தொங்கவிடும் தறிக்குழிக்குள் பார்த்தார். வலதுபக்கம் பழைய புடவையை மடித்துப் போட்ட மெத்தை. அதில் கால் கிடந்து கிடந்து குழி விழுந்திருந்தது.

"எப்பலேர்ந்து?"

"தருமன் வுழுந்ததுலேர்ந்து."

"வேல இல்லாம அந்தக் காலு தூங்கிடுச்சும்மா. தூங்கின கால்தான் ஓடறப்ப கிழியும்." டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டார். "மொத ஆட்டத்துக்கு நீ இல்ல வீரபாகு."

"சார்! நான் எறங்கலன்னா சின்னப்பையன் எறங்குவான். அப்பறம் அந்த எடம் எனக்கு வராது சார்."

"நீ யாரு எடத்துல ஆடற?"

அவன் ஆடுவது தருமன் இடத்தில்தான்.

"மிதிய பழையபடி கட்டச் சொல்லு. நான் சொன்னத தெனமும் செய். ஒரு மாசம் போவட்டும், வந்து அளக்கறேன்."

"அப்ப சரியாயிடுமா சார்?" என்றாள்.

"அளந்தாத்தாம்மா தெரியும்." அவர் காப்பியை நின்றபடியே குடித்துவிட்டுக் களம்பூர் பஸ்ஸுக்குக் கிளம்பினார்.

அவர் தெருமுனை திரும்பியதும் ரேணுகாம்பாள் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"இப்டி கட்டாதடின்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல?"

"ஆசையா கட்டின. எனக்கும் சொகமாத்தான் இருந்துச்சு."

"சொகம்! போங்க, அந்த மெத்தைய எடுத்து வெளிய போடுங்க."

குழிக்குள் இறங்கி முடிச்சுகளை அவிழ்த்தாள். அவள் போட்ட முடிச்சுதான். இறுகிப்போய், பல்லால் கடித்து இழுக்க வேண்டியிருந்தது. மிதிகட்டைகளைப் பழைய இடங்களில் கட்டிவிட்டு ஏறி, தறிக்கு முன்னால் வந்து நின்றாள்.

வீரபாகு உட்கார்ந்து வலது காலை வைத்து மிதித்தான். தொடை நடுங்கியது. பாவு இழைகள் மேலும் கீழுமாகப் பாதிதான் பிரிந்தன. குறுக்கு நூலோடு அவன் எறிந்த நாடாக் கட்டை நடுவழியில் இழைகளில் சிக்கி நின்றது. அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான்.

அவள் ஒரு இழையும் அறாமல் விரலால் விலக்கி, நாடாவை வந்த வழியே தள்ளிக் கொடுத்தாள்.

"மிதிங்க."

மிதிகட்டை ஆடிக்கொண்டே இறங்கியது. இழைகளுக்கு நடுவே ஒரு விரல் நுழையும் அளவு திறந்தது. இன்னும் கொஞ்சம் திறந்தது. நாடா அவன் கையில் காத்திருந்தது.