கையை விட்டு ஒரு சுற்று

"மெக்கானிக் சார், லிஃப்ட் ஆடுது!" என்று வாட்ச்மேன் கீழேயிருந்து கத்தினார்.

"லிஃப்ட் ஆடலய்யா, நான்தான் ஆடுறேன். உங்க வேலயப் பாருங்க!"

பழுதான லிஃப்டின் கூரைமேல் நின்று ரும்பா நடனத்துக்குக் காலடி போட்டுப் பார்க்கிற மெக்கானிக் உலகத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருக்கும். அவர் போகும் நடன வகுப்பின் கடைசி வாரத்தில் ஒவ்வொரு ஜோடியும் தாங்களே ஓர் ஆட்டம் அமைத்து ஆடிக்காட்ட வேண்டும் என்பது டீச்சரின் சட்டம். மற்ற ஜோடிகளெல்லாம் சின்னஞ்சிறுசுகள். இவருக்கோ தொப்பை, இடுப்பு என்று ஒன்று இருந்த சுவடே இல்லை.

இழுத்து வந்தவள் மனைவி. துணி ஆல்டரேஷன் கடை வைத்திருப்பவள். அவள் பார்வை ஓரங்களிலிருந்து குறுகிக்கொண்டே வரும், மருந்தில்லை என்று கண் டாக்டர் கையை விரித்த அன்று, ஆஸ்பத்திரிப் படியிலேயே சொல்லிவிட்டாள்: "முழுசா போறதுக்குள்ள உங்க முகத்தப் பாத்துக்கிட்டே ஒரு தடவ ஆடணும். ஏதாவது சாக்கு சொன்னீங்க, இருக்கு உங்களுக்கு." அவர் மூச்சுக்கூட விடாமல் தலையாட்டினார்.

பீரோ கண்ணாடி முன்னால் நின்று, கற்பனையில் அவளைப் பிடித்துக்கொண்டு, ஆட்டத்தை அவரே அமைத்தார். நடுவில் ஓரிடம். அங்கே அவள் கையை விட்டுவிடுவார். அவள் தனியாக ஒரு சுற்றுச் சுற்றுவாள். அதற்குள் அவர் பக்கவாட்டில் விலகி, கையை விரித்து நிற்பார். அவள் பார்த்து வந்து பற்றிக்கொள்வாள். கண்ணாடியில் அது அத்தனை அழகாக இருந்தது. அவருக்கே வெட்கமாகப் போய்விட்டது.

லிஃப்டின்மேல் ஆடிய அன்று மாலைதான் வகுப்பில் இருவரும் சேர்ந்து முழுதாக ஆடிப் பார்த்தார்கள். பாட்டு ஓடியது. கையை விட்டார். நேர்த்தியாகச் சுற்றி நின்றாள். நின்று, அவர் முன்பு இருந்த இடத்தை நோக்கிக் கையை நீட்டினாள், சிரித்தபடி. அங்கே யாருமில்லை. நீட்டினால் தொடும் தூரத்தில், அவள் தோளுக்குப் பக்கத்தில்தான் அவர் நின்றுகொண்டிருந்தார். டீச்சர் பாட்டை நிறுத்தினார்.

பக்கவாட்டில் தெரியாது என்று டாக்டர் படம் வரைந்து சொல்லியும் பக்கவாட்டிலேயே போய் நின்றேனே, நானெல்லாம் ஒரு மனுஷனா என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"இவ்ளோ மோசமாயிடுச்சா? ஏன் சொல்லல?"

"சொன்னா ஆட வந்திருப்பீங்களா? பத்திரமா ஒரு மூலைல உக்கார வெச்சிருப்பீங்க."

"என் முகம்?"

"நேரா நின்னா தெரியுது. கொஞ்சம் நகந்தா ஆளக் காணோம்."

அவர் அவள் கையைப் பற்றிக்கொண்டார். "அந்தச் சுத்து வேணாம்மா. கடைசி வரைக்கும் கைய விடாம ஆடிடலாம்."

"கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போறதெல்லாம் ரோடு தாண்டும்போது வெச்சுக்குங்க. இது ஆட்டம். எனக்கு அந்தச் சுத்து வேணும்."

அவர் நாற்காலியில் போய் உட்கார்ந்து ஷூ கயிற்றை அவிழ்த்து, மறுபடி கட்டினார். அழுகை வந்தது, அடக்கிக்கொண்டார். லிஃப்டைத் தேடி எவரும் குழிக்குள் இறங்குவதில்லை. ஆள் நிற்கிற தளத்துக்கு அதுதான் வந்து நிற்க வேண்டும். இத்தனை வருஷமாகச் செய்கிற வேலை, இது தோன்ற இவ்வளவு நேரமா? எழுந்தார்.

"டீச்சர், சுத்து இருக்கட்டும். நான் ஒரே இடத்துல நிக்க மாட்டேன். அவ முகம் எந்தப் பக்கம் திரும்பி நிக்குதோ, அங்க நான் போயிடறேன்."

"எந்தப் பக்கம் நிப்பாங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது டீச்சர்."

மனைவி கன்னத்தைத் துடைத்துக்கொண்டு வந்து அவர் தோளில் கை வைத்தாள். பாட்டு மறுபடி ஆரம்பமானது. அந்த இடம் வந்தது. விரல்கள் விட மறுத்தன, விட்டார். அவள் சுற்றினாள். இந்தமுறை வேகம் கூடி, போன தடவை நின்ற திசையைத் தாண்டியும் சுற்றிக்கொண்டு போனாள். தொப்பை குலுங்க, மூச்சு இரைக்க, அவர் அவளைச் சுற்றி ஓடினார். அவள் வேகம் தணிந்து நின்றாள். முகத்தில் சிரிப்பு அதற்குள் வந்துவிட்டிருந்தது. கை மெல்ல எழுந்து, விரல்கள் விரிந்து, எதிரே காற்றில் காத்து நின்றது. அவள் முகத்துக்கு நேரே வர அவருக்கு இன்னும் ஓரடி பாக்கி இருந்தது.