கல் மாற்றி அடுக்கிய வீடு

லிஃப்ட் மெக்கானிக்கின் வீட்டில், மீன்தொட்டிக்குள் கற்களை மாற்றி அடுக்கினால் மறுநாள் காலை அறைகளும் இடம் மாறியிருக்கும். சுவரில் விரிசல் விழாது, சத்தமும் கேட்காது. நேற்று வாசலோரம் இருந்த சமையலறை இன்று மாடிப்படிக்குப் பின்னால் இருக்கும், அவ்வளவுதான். குழாயைத் திறந்தால் தண்ணீர் வழக்கம்போல வரும்.

தொட்டியில் இருந்தவை ஆப்பிரிக்க ஏரி மீன்கள். நீலமும் மஞ்சளுமாகப் பார்க்க அழகு, குணத்தில் ரவுடிகள். ஓர் ஆண் மீன் பெரிய கல்லின் பொந்தைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றின் துடுப்புகளைக் கிழித்துக்கொண்டே இருக்கும். மெக்கானிக் அதை ராஜா என்று கூப்பிட்டார். புது மீன் விடுவதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. எல்லா மீன்களையும் வாளிக்கு மாற்றிவிட்டு, கற்களை வேறு மாதிரி அடுக்கி, பிறகு பழையதையும் புதியதையும் சேர்த்து விடுவார். எதற்கும் தன் இடம் எது என்று தெரியாது, கொஞ்ச நாள் சண்டை அடங்கியிருக்கும். முக்கியமாக ராஜாவை வெளியே எடுத்துவிட வேண்டும். அது உள்ளேயே இருந்தால் கற்கள் மாறுவதைப் பார்த்துக்கொண்டிருந்து, நல்ல பொந்தை மறுபடி பிடித்துவிடும்.

அப்பா போன பிறகு முன்னறை மெக்கானிக்குக்கு, பின்னறை பஸ் ஓட்டும் தம்பிக்கு என்று ஆகியிருந்தது. நடுவில் அப்பாவின் அறை. ஜன்னல் வைத்த ஒரே அறை அதுதான், ஆளுக்கொரு பூட்டுப் போட்டு மூடிவைத்திருந்தார்கள். இருவரும் பேசிக்கொள்வதில்லை. இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. கேட்டால் வீட்டில் இடமில்லை என்பார்கள். அந்த நிலையில்தான் கணவனைப் பறிகொடுத்த தங்கை தையல் மெஷினோடு திரும்பி வந்தாள். இருவரும் வா என்றார்கள். எந்த அறைக்கு என்று இருவரும் சொல்லவில்லை. அவள் எதையும் கேட்காமல் தொட்டியை ஒட்டிய நடைவழியில் படுக்கையை விரித்தாள். அவள் அழுததாகவும் யாரும் சொல்லவில்லை.

அதுவரை எத்தனையோ தடவை கற்களை மாற்றியும் ஒன்றும் நடந்ததில்லை. அவள் வந்த பிறகு மாற்றியபோதுதான் முதல்முறையாக அறைகள் நகர்ந்தன. காலையில் முன்னறைக்குள் யாரோ நுழையும் சத்தம் கேட்டு மெக்கானிக் கண் விழித்தார்.

“டேய், என் ரூம்ல துண்டோட என்னடா பண்றே?”

“உன் ரூமா? நேத்து வரைக்கும் இது பாத்ரூம்.”

பல வருடங்களில் அவர்கள் பேசிக்கொண்ட முதல் வார்த்தைகள் அவை. அப்பாவின் அறை வீட்டின் வலது மூலைக்குப் போயிருந்தது. அதன் பூட்டுகள் இரண்டும் பாத்திர அலமாரியில் தொங்கின. தம்பி எது எங்கே என்று தேடுவதற்குள் மெக்கானிக் நேராக அங்கே போய்ப் படுத்துக்கொண்டார். பெரிய கல்லை எந்த மூலையில் வைக்கிறாரோ, வீட்டின் அந்த மூலைக்குத்தான் அப்பாவின் அறை வரும் என்பதை அவர் அன்றே கண்டுபிடித்துவிட்டார். அதன் பிறகு வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை அறைகள் இடம் மாறின. ஒவ்வொரு தடவையும் ஜன்னல் அவருக்கே கிடைத்தது. காலியான முன்னறையை அவருடைய லிஃப்ட் சாமான்கள் அடைத்துக்கொண்டன. நடைவழி தங்கைக்கு.

ஒருநாள் தொட்டியின் மேல் மூலையில், ஃபில்டர் குழாயை ஒட்டி, ஒரு மஞ்சள் மீன் வாயை இறுக்கி மூடியபடி நின்றது.

“இது ஏண்ணா சாப்பிட மாட்டேங்குது?”

“வாய்க்குள்ள குஞ்சு வச்சிருக்கு. வெளிய விடுற வரைக்கும் சாப்பிடாது.”

“எங்க விடும்?”

“பயமில்லாத இடம் கிடைச்சா விடும்.”

“கிடைக்கலைன்னா?”

“முழுங்கிடும்.”

தங்கை கொஞ்ச நேரம் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். அந்த வாரம் மெக்கானிக் புது மீன் வாங்கி வந்து, மற்ற மீன்களை வாளிக்கு மாற்றி, மஞ்சள் மீனைத் தனியாக ஒரு மக்கில் அள்ளி வைத்தார். அவர் முதல் கல்லைத் தூக்கும்போது அவள் தலை நிமிராமல் கேட்டாள்.

“ராஜாவ வெளிய எடுத்துட்டுத்தானே கல்ல மாத்தணும்?”

“ஆமா. எடுத்துட்டேனே.”

“இன்னும் எடுக்கலைண்ணா.”

வாளிக்குள் ராஜா சுற்றிக்கொண்டுதான் இருந்தது. மெக்கானிக் வாளியைப் பார்த்தார், பிறகு தங்கையைப் பார்த்தார். கோபம் வரும் என்று காத்திருந்தார், வரவில்லை. கல்லைக் கீழே வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, தான் பராமரிக்கும் ஒரு கட்டடத்தின் லிஃப்ட் மோட்டார் அறையில் படுத்துக்கொள்ளப் போனார். கற்களைத் தங்கை அடுக்கினாள். பெரிய கல்லை மஞ்சள் மீன் நின்றிருந்த இடத்துக்கு நேர் கீழே வைத்து, மீன்களைத் திரும்ப விட்டாள். வீட்டில் அவள் படுக்கை இருந்த மூலையும் அதுதான்.

காலையில் அவள் எங்கும் போக வேண்டியிருக்கவில்லை. அப்பாவின் அறை அவள் படுத்திருந்த இடத்துக்கு வந்து அவளைச் சுற்றி நின்றிருந்தது. தையல் மெஷின் மேல் வெயில் விழுந்தது. வெளியே தொட்டியில் மஞ்சள் மீன் கல் பொந்தின் வாசலில் பொடிப்பொடியாகக் குஞ்சுகளைத் துப்பிவிட்டு இரை எடுத்தது.

மெக்கானிக் திரும்பி வந்தபோது வீட்டில் எது எங்கே என்று அவருக்குத் தெரியவில்லை. விருந்தாளிபோலக் கதவைத் தட்டினார். தங்கை திறந்தாள்.

“நான் எங்கம்மா படுக்கட்டும்?”

“நடைவழி இப்ப அந்தப் பக்கம் இருக்கு, காலியாத்தான் இருக்கு. பாத்துப் போண்ணா, பாத்ரூம்னு நெனச்சு தம்பி ரூமுக்குள்ள போயிடாதே.”

அவர் போய்ப் படுத்தார். தூக்கம் நன்றாகவே வந்தது. அதிலிருந்து, கற்களை மாற்றும் நாளில் ஜன்னல் அறையில் இருப்பவர் வெளியே போய்ப் படுப்பது அந்த வீட்டில் வழக்கமாகிவிட்டது. கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவர் வாசலில் நின்று, “சமையலறை இன்னிக்கு எந்தப் பக்கம்மா?” என்று கேட்பார். காட்டிய பக்கம் உருட்டிக்கொண்டு போவார்.