கையை மட்டும் காட்டும் வாத்தியார்

"ஆம்பளக் கொரலுங்கறேன். 'புரிஞ்சுதா சாமி'ன்னு கொஞ்சறான். பாடமாம் பாடம்."

"ஏனுங்க, மெதுவாப் பேசுங்க. புள்ள வர்ற நேரம்."

கல்லூரி விட்டு வந்து வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த தனப்பிரியா அப்படியே நின்றாள். மாதாந்திர மின்தடை. நாலு விசைத்தறியும் ஓடாமல் கிடந்ததால், அப்பா ராசப்பன் பேசுவது தெருவரை கேட்டது.

அவள் வேதியியல் மூன்றாம் ஆண்டு. கல்லூரியில் ஆங்கிலத்தில் நடத்துவது பாதி புரியாது. வீட்டில் தறிக்கான நூலைத் தார்க்குச்சியில் சுற்றும்போது போனை மடியில் வைத்து அதே பாடத்தைத் தமிழில் கேட்பாள். தறிச் சத்தத்தில் ஸ்பீக்கரை முழுசாக வைத்தால்தான் அவளுக்கே கேட்கும். பக்கத்தில் அறுந்த இழையைப் பிணைக்கும் அம்மா ராமாயிக்குக்கூடக் கேட்காது. இன்று காலை கரண்ட் போனது. எல்லாம் நின்ற பிறகும் அந்தக் குரல் மட்டும் நிற்கவில்லை. ராசப்பன் போனைப் பிடுங்கிக்கொண்டார்.

உள்ளே போனாள். "யூடியூப்ல பாடம் எடுக்கறவருங்கப்பா. என்னைய அவருக்குத் தெரியாதுங்க."

"பேரென்ன?"

"தெரியலீங்க."

"எந்தூரு?"

அதுவும் தெரியாது. போனை வாங்கிப் போட்டுக் காட்டினாள். வெள்ளைத்தாளில் எழுதும் ஒரு கை, சுண்டுவிரலில் ஒரு தழும்பு. மூன்று வருடமாக அவள் பார்த்ததும் அவ்வளவுதான்.

"காசு வாங்காம, மூஞ்சியுங் காட்டாம, ஆரு பெத்த புள்ளைக்கோ எவன் சொல்லித் தருவான்?"

அவளே பலமுறை நினைத்ததுதான்.

"உன்னையத் தெரியாதுன்னு அவன் சொல்லோணும். இல்ல, அதுல படிச்ச வேற புள்ளைங்களாச்சும் சொல்லட்டும். அதுவரைக்கும் காலேஜு கெடையாது. கரண்ட் வர்றவரைக்கும் போன வெச்சுக்க."

வியாழக்கிழமை அரியர் பரீட்சை. எழுதாவிட்டால் பட்டம் இல்லை. தை மாதம் கல்யாணம் என்ற பேச்சு வீட்டில் ஏற்கெனவே இருந்தது.

வீடியோவுக்குக் கீழே கடைசியாக ஒருவர் எழுதி இரண்டு வருடம் ஆகியிருந்தது. 'அண்ணா, அஞ்சாவது யூனிட் எப்ப போடுவீங்க?' அதற்குப் பதில் வரவே இல்லை. தனப்பிரியா அதற்கு மேலே தானும் ஒன்று தட்டத் தொடங்கினாள்.

பட்டறையில் பல்பு எரிந்தது. ராமாயி தறியைப் போடாமல், மகளின் விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ராசப்பனே எழுந்துபோய் சுவிட்சைத் தட்டிவிட்டு, வந்து போனுக்குக் கையை நீட்டினார். அதற்குள் அவள் அனுப்பிவிட்டிருந்தாள்:

'சார், நீங்க என்னைப் பாத்ததில்ல, நானும் உங்களைப் பாத்ததில்ல. அத மட்டும் இங்க சொல்லுங்க. இந்தப் பாடத்தைக் கேட்டுப் படிச்சவங்க வேற யாராச்சும் இருந்தா, வியாழக்கிழமைக்கு முன்னாடி ஒரு வரி பதில் போடுங்க.'