துரைக்குப் பூட்டு கிடையாது

யாங்கோன் மாநகரத்தில் இன்றைய தேதிக்கு முழுச் சுதந்திரத்தோடு வாழும் ஒரே உயிர் தன் பச்சோந்திதான் என்று கார்த்திகேசன் அறிவித்தான். பபேடானில், நாலாவது மாடியில், வாசல் இரும்புக் கிராதிக்கு உள்ளே நின்றபடி அதை அறிவித்தான். கிராதியில் மூன்று பூட்டுகள் தொங்கின. விஷயத்தின் கனம் கருதி அவன் ஒன்றையும் திறக்கவில்லை.

கிராதிக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தவர் கீழ்வீட்டு ஹமீதுன்னிசா. கல்யாண ரவிக்கை தைப்பவர். கையில் அன்றுதான் வெட்டிய சாட்டின் துணி, ஈரத்தோடு.

"தம்பி, சுதந்திரம் வேணும்னா இருந்துட்டுப் போகட்டும். அது ஏன் என் தலைமேல ஒழுகுது?"

காரணம் எளியது. பச்சோந்தி கிண்ணத்துத் தண்ணீரை ஏறெடுத்தும் பார்க்காது. இலையில் துளித்துளியாக நின்றால்தான் நக்கிக் குடிக்கும். ஆகவே கார்த்திகேசன் காலையும் மாலையும் கூடத்திலிருந்த தொட்டிச்செடிக்குத் தண்ணீர் தெளித்தான். மிச்சம் தரைக்கு வந்தது. தரையோ வெள்ளைக்காரன் காலத்துப் பலகை. வந்ததைத் தடுக்காமல் கீழே அனுப்பிவைத்தது.

வலைப்பெட்டி, அடியில் தட்டு, தட்டிலிருந்து குழாய், இவ்வளவும் வெள்ளிக்கிழமைக்குள் வரவேண்டும், வராவிட்டால் வீட்டுக்காரரிடம் சொல்லி ஓணானை வெளியே அனுப்பிவிடுவேன் என்றார் ஹமீதுன்னிசா. ஓணான் அல்ல, துரை என்று கார்த்திகேசன் திருத்தினான். துரை அப்போது திரைச்சீலைக் கம்பியில் உட்கார்ந்து, யாரோ தனக்கு வேலை செய்கிறார்கள் என்ற முகத்தோடு இருந்தது. அந்த முகத்துக்காகத்தான் அந்தப் பெயர். துரையின் சாப்பாட்டுக்காக அவன் தெருமுனையில் பொரித்த பயிட் பூச்சி விற்கும் அம்மாளிடம் தினமும் பொரிக்காததைக் கேட்டு வாங்கி, அந்த அம்மாளிடம் ஒரு மாதிரியான பெயரும் வாங்கியிருந்தான்.

"நான் அடைக்க மாட்டேன் மாமி. வீட்டுக்காரர் வரட்டும். என்னையும் சேத்து வெளிய போடட்டும்."

அக்கா மஞ்சுளா இந்த வீரத்தைக் கேட்டும் கேட்காதவள் போல இருந்தாள். ஷ்வேப்யிதாவில் ஆடைத் தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். வாடகை அவள் பெயரில். ஞாயிற்றுக்கிழமை ஜன்னல் கடையிலிருந்து அலுமினியச் சட்டமும் கம்பி வலையும் வாங்கிவந்து தானே முடுக்கினாள். துரை ஏறும் ஜாதி என்பதால் ஆளுயரக் கூண்டு. காற்று புக நான்கு பக்கமும் வலை. நைலான் வலை பெருச்சாளிக்கு ஒரு கடி என்பதால் கம்பி. கதவுக்கு மேலும் கீழும் தாழ்ப்பாள். அடிப்பலகையில் சிறுசிறு துளைகள், அதன் கீழே சரிவாக ஒரு தட்டு, தாழ்ந்த மூலையிலிருந்து குளியலறைச் சாக்கடைக்கு ரப்பர் குழாய்.

கார்த்திகேசன் கைகட்டிச் சுற்றிவந்து பார்த்தான்.

"இன்செயின் ஜெயிலுக்கு நம்ம வீட்ல கிளை திறக்கிறியா அக்கா? மனு பாக்குற நாள் என்னைக்கு?"

"அங்க தண்ணி வடியுமோ என்னவோ, இதுல வடியும்டா. மொதல்ல அதை உள்ள விடு."

விடவில்லை. மறுநாள் கூண்டில் வெங்காயம் கொட்டிவைத்தான். காற்றோட்டம் பிரமாதம், வெங்காயங்கள் புகார் சொல்லவில்லை என்று அவளுக்கு அறிக்கையும் கொடுத்தான்.

ஆனால் வெள்ளிக்கிழமை என்று ஒன்று இருந்தது. அதற்கு அவன் கண்டுபிடித்த வழி, தண்ணீர் தெளிப்பதைப் பாதியாக்குவது. பாதியும் ஒழுகியது. பிறகு ஈரத்துணியால் இலையைத் துடைப்பதோடு நிறுத்திக்கொண்டான். கீழ்வீட்டு மேற்கூரை காய்ந்தது. வெற்றியை நேரில் சொல்ல இறங்கிப் போனான்.

ஹமீதுன்னிசா தையல் எந்திரத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ஒழுகல, சரி. அப்ப அது என்னத்தக் குடிக்குது?"

அதற்கு அவன் சுதந்திரத்தைப் பற்றி வழக்கத்தைவிட நீளமாகப் பேசிவிட்டு மேலே வந்தான்.

துரையின் கண்கள் உள்ளே போயின. பகலிலேயே மூடிக்கொண்டன. மூக்குக்கு முன்னால் பயிட் பூச்சி நடந்துபோனாலும் நாக்கு வெளியே வரவில்லை. மஞ்சுளா பார்த்துவிட்டு, இது செத்துப்போகும்டா என்றாள். தியானத்தில் இருக்கிறார், தொந்தரவு செய்யாதே என்றான். சொல்லும்போது அவன் துரையைப் பார்க்கவில்லை.

அடுத்த நாள் மத்தியானம் மின்சாரம் வந்தது. தெரு முழுக்க "மீ லாபி" என்று கத்தியது. மோட்டார் ஓடும்போதே பீப்பாயை நிரப்பிவிட வேண்டுமே என்று கார்த்திகேசன் எழுந்தான். கம்பியில் துரை இல்லை. செடியில் இல்லை. பால்கனியில் இல்லை.

குளியலறையில் இருந்தது. நடக்கவே சோம்பல்படுகிற அந்தப் பிராணி கூடத்தைத் தாண்டி, ஈரம் இருக்கும் இடம் தேடி வந்து, பீப்பாயின் அடியில் கசிந்த தரையோடு வாயை ஒட்டிக் கிடந்தது. ஒரு முழம் தள்ளி, மூடியில்லாத சாக்கடைத் துளையிலிருந்து பெருச்சாளி ஒன்று பாதி உடம்பை வெளியே எடுத்திருந்தது. துரை ஒரு கண்ணால் அதைப் பார்த்தது. இன்னொரு கண்ணால் கார்த்திகேசனைப் பார்த்தது.

கையிலிருந்த குவளையை வீசினான். பெருச்சாளி அவசரம் காட்டாமல் உள்ளே போயிற்று.

துரை அவன் விரலைப் பிடித்துக்கொண்டது. பிடியில் பலம் இல்லை.

கார்த்திகேசன் கூண்டிலிருந்த வெங்காயத்தை வாளியில் அள்ளிப் போட்டான். கூண்டின் அடிப்பலகையைத் துடைத்துத் தொட்டிச்செடியை உள்ளே வைத்தான். குழாயைச் சாக்கடைத் துளையில் விட்டு, சுற்றிலும் மிச்சக் கம்பி வலையைத் திணித்தான். துரையைக் கிளையில் ஏற்றிவிட்டு, இலைகள் கொட்டக் கொட்டத் தெளித்தான். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு வாய் மெல்லத் திறந்தது. ஒரு துளி. இன்னொன்று.

தண்ணீர் துளைகளில் இறங்கித் தட்டுக்கு வந்தது. ஒரு மூலையில் தேங்கியது. கூண்டின் அந்த மூலைக் காலுக்கு அடியில் ஓட்டுச்சில் ஒன்றைச் செருகினான். குழாய் வழியே போயிற்று. தரையில் குப்புறப் படுத்து, பலகைச் சந்தில் காதை வைத்தான். கீழே தையல் எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. வேறு சத்தம் இல்லை.

மஞ்சுளா வேலையிலிருந்து வந்தபோது அவன் இன்னும் கூண்டருகிலேதான் இருந்தான். அவள் செருப்பைக் கழற்றாமல் நின்றாள்.

"பாக்காத. போய்க் கைகால் கழுவு" என்றான், திரும்பாமல்.

அவள் போன பிறகு மேல் தாழ்ப்பாளைப் போட்டான். கீழ்த் தாழ்ப்பாளையும் போட்டான். நாலடி நடந்தவன் திரும்பிவந்து, கதவை ஒருமுறை இழுத்துப் பார்த்தான்.