துண்டு காயும் நேரம்

"காஞ்சிச்சாம்மா?" என்று கோதண்டம் மூன்றாவது முறையாகக் கேட்டார். இசைவாணி அப்பாவின் முதுகில் கிடந்த துண்டைத் தொட்டுப் பார்த்தாள். பிழிந்தால் இன்னும் அரை டம்ளர் தண்ணீர் வரும். ஒன்பதரைக்கு, கரண்ட் போன கையோடு நனைத்துப் போட்டது. இப்போது மணி பதினொன்றரை. ஈரம் அப்படியே இருந்தது, குளிர்ச்சிதான் போய்விட்டது. வடித்த சோற்றுப் பானைமேல் மூடி வைத்த துணிபோல வெதுவெதுவென்று இருந்தது. "காஞ்சிருச்சிப்பா, நனைச்சிப் போடறேன்" என்று அதை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போனாள். மோட்டார் ஓடாததால் மேல்தொட்டி வறண்டு கிடந்தது. வாளியில் இருந்த பாதித் தண்ணீரை வைத்துத்தான் விடியும்வரை ஓட்டியாக வேண்டும். அதில் கையை விட்டு, வெளியே கேட்கிற மாதிரி இரண்டு முறை சளப் சளப்பென்று அளைந்தாள். பிறகு அதே துண்டை மறுபக்கமாகப் புரட்டி அவர் முதுகில் போட்டாள்.

"ஆங், இப்ப பரவால்ல" என்றார் கோதண்டம்.

பொய் சொல்லவில்லை, நம்பித்தான் சொன்னார். கழுத்துக்குக் கீழே இடுப்புவரையும், தோளிலிருந்து மணிக்கட்டுவரை இரண்டு கைகளிலும் அவருக்கு இருப்பது தொடையிலிருந்து சீவி எடுத்து ஒட்டிய தோல். வல்லம் வடகால் பக்கம் அலுமினிய வார்ப்பு செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில் வேலை பார்த்தார். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் உருக்கிய உலோகம் சிதறிச் சட்டை பற்றிக்கொண்டது. கனத்த தோல் கையுறை போட்டிருந்ததால் உள்ளங்கைகள் மட்டும் தப்பின. ஒட்டிய தோலுக்கு ஈரம் தெரியாது, குளிர் தெரியாது, எறும்பு ஊர்ந்தாலும் தெரியாது. அதையெல்லாம்விட மோசம், அதற்கு வேர்க்காது. ஊரே வேர்த்துத் தணிகிற சித்திரை வைகாசியில் அவர் உடம்புக்குள் சூடு ஏறிக்கொண்டே போகும், வெளியே வர வழியில்லை. ஆஸ்பத்திரி டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னார். "ஈரத்துணி போடுங்க. அது காயணும். காயறப்பதான் சூட்டை எடுத்துக்கிட்டுப் போவும். காயலன்னா அது வெறும் துணி. காய்ச்சல் நூத்திரண்டு தாண்டிச்சின்னா யோசிக்காம தூக்கிட்டு வந்துருங்க."

அதிலிருந்து வீட்டில் ஒரே பேச்சு, எந்த ஊரில் இருப்பது என்பதுதான். குடியாத்தத்தில் இருக்கும் அத்தை சந்திரம்மாள், மாடி அறை காலியாகத்தான் கிடக்கிறது, தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள் என்று சித்திரை பிறந்ததிலிருந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அங்கே அடிப்பது காய்ந்த வெயில், ராத்திரி பத்து மணிக்கு மேல் ஆளை விட்டுவிடும், கூலர் போட்டால் கூலர் வேலை செய்யும் என்பது அவள் கட்சி. இங்கே இருங்காட்டுக்கோட்டையில், லைன் வீட்டின் முதல் மாடியில், கூலர் போட்டால் அறையே பாசி பிடித்த தொட்டி மாதிரி ஆகிவிடும். வாங்கிய கூலர்மேல் இப்போது அம்மா பாத்திரம் கவிழ்த்து வைத்திருந்தாள். ஏசி மாட்டலாம் என்றால் அந்த வீட்டு ஒயர் தாங்காது என்று எலக்ட்ரீஷியன் வந்து பார்த்துவிட்டுப் போனான். மதியம் மூன்று மணிக்குமேல் கடல்காற்று இங்கே வந்து சேரும்போது அதன் குளிர்ச்சியெல்லாம் வழியிலேயே கழன்று வெறும் ஈரம்தான் மிஞ்சியிருக்கும். ஆனால் டிவியில் தினமும் சாயங்காலம் நம்பர் போட்டான். குடியாத்தத்துக்குப் பக்கத்து வேலூர் நாற்பத்திரண்டு, இங்கே முப்பத்தெட்டு. கோதண்டம் அந்த நாற்பத்திரண்டையே பார்த்துக்கொண்டிருப்பார். "அங்க வாசல்ல நின்னா மூஞ்சில அனல் அடிக்கும். ஃபர்னஸ் கதவத் தொறந்த மாறி. நெருப்புல வெந்துட்டு வந்தவன மறுபடி அங்க இட்னு போறியா?" என்று அம்மாவிடம் கேட்பார்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் அம்மா சசிகலா ஒரு வழி கண்டுபிடித்தாள். கார் சீட்டு உறை தைக்கிற கம்பெனியில் குவாலிட்டி செக்கிங் பார்த்துப் பார்த்து, எதையும் இரண்டு துண்டு வெட்டிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் நம்ப மாட்டாள். ஒரே கடையில் ஒரே மாதிரி இரண்டு துண்டு வாங்கினாள். ஒன்றை, திருவிழாவுக்கு வந்திருந்த அத்தையிடம் கொடுத்தனுப்பினாள். போன திங்கட்கிழமை மதியம் இரண்டு மணிக்கு இரண்டு ஊரிலும் துண்டை நனைத்து, சொட்டாமல் பிழிந்து, வீட்டுக்குள் நிழலில், ஃபேனுக்குக் கீழே கொடியில் போட வேண்டும் என்று ஏற்பாடு. அத்தை போனில் சொன்ன நேரம் முப்பத்தைந்து நிமிஷம். இங்கே அம்மா டே ஷிஃப்டில் இருந்ததால் பார்க்கும் பொறுப்பு இசைவாணியுடையது. ஐம்பது நிமிஷம் என்றாள். அம்மா சாப்பிட்டுக்கொண்டே யோசித்தாள். பதினைந்து நிமிஷந்தான் வித்தியாசம், அதற்கு நாலு டிகிரி கூட இருக்கிற ஊருக்கு எதற்குப் போவது? அத்தையின் மாடியைக் கேட்டு வேறு யாரோ வருகிறார்களாம். நாளைக் காலை எட்டு மணிக்குள் இவர்கள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வரவில்லை என்று சொல்வதாக முடிவு.

இசைவாணி அப்பாவின் வாயிலிருந்து தெர்மாமீட்டரை உருவி, பதினோரு சதவீதம் சார்ஜ் இருந்த செல்போன் வெளிச்சத்தில் பார்த்தாள். நூற்றி ஒன்று புள்ளி நாலு. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் நூறு புள்ளி ஆறு. அம்மாவுக்கு இன்றைக்கு நைட் ஷிஃப்ட். போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் லைனில் நிற்க விடுவார்கள். இரண்டு முறை அடித்துப் பார்த்தாள், எடுக்க ஆளில்லை. அப்பா பிளாஸ்டிக் நாற்காலியில் திரும்பி உட்கார்ந்து, சாய்மானத்தின்மேல் கைகளைப் போட்டு, கையில் நெற்றியைக் கவிழ்த்திருந்தார். நெற்றியிலிருந்து மட்டும் வேர்வை கொட்டியது. உடம்பு முழுக்க வேர்க்க வேண்டியதை அந்த நெற்றி ஒன்றே செய்துவிடப் பார்ப்பது போல இருந்தது.

வெளியே மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. எதிர் அறையில் ஐந்து பெண்களோடு தங்கியிருக்கிற மாரிசெல்வி, காருக்கு ஒயர்க்கட்டு செய்கிற வயர் ஹார்னஸ் கம்பெனியில் செகண்ட் ஷிஃப்ட் முடித்து வந்திருந்தாள். விளாத்திகுளத்துக்காரி. அறைக்குள் போக மனசில்லாமல் படியிலேயே உட்கார்ந்து டப்பாவைத் திறந்தாள்.

"என்ன பிள்ள, தூங்காம கொசுவுக்குக் காவலா?"

"அப்பாக்கு ஒடம்பு சுடுதுக்கா."

"சுடாம என்ன செய்யும். எங்கூர்ல துணியக் கொடில போட்டுட்டுத் திரும்புறதுக்குள்ள மொடமொடன்னு ஆயிரும். இங்க ஆறு பேரு துணியும் மூணு நாளாத் தொங்குது. எது யாரு பாவாடைன்னே தெரியாம, நாத்தத்த வச்சுக் கண்டுபிடிக்கோம்."

இசைவாணிக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு படி கீழே இறங்கி அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நாலு நாளாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தது ஒன்று இருந்தது. துணி என்ற பேச்சு வந்ததும் அது தானாகவே வாய்க்கு வந்தது.

"மாரிக்கா, ஒன்னு சொல்றேன். யார்கிட்டயும் சொல்லாத. அன்னிக்கி அந்தத் துண்டு அம்பது நிமிஷத்துல காயல."

மாரிசெல்விக்குத் துண்டுக் கதை தெரியும். அந்த மாடியில் எல்லோருக்கும் தெரியும். மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினாள்.

"எம்புட்டு நேரம்?"

"ரெண்டே கால் மணி நேரம். அப்பவும் ஓரம் காயல. எடுத்துனு போயி மொட்டை மாடில வெயில்ல போட்டேன். அம்மா வந்து தொட்டுப் பாத்தா காஞ்சிருக்கணும்ல. அப்பறம் அம்பதுன்னு சொல்ட்டேன்." உள்ளே எட்டிப் பார்த்தாள். "அப்பாக்கு ஈரம் தெரியாதுக்கா. நான் இன்னா சொல்றனோ அதான் அவருக்கு. காஞ்சிச்சின்னா காஞ்சிச்சி. இப்ப உள்ள கீறாரே, எனுக்கு பயமா கீது."

ஏன் என்று மாரிசெல்வி கேட்கவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்கும். பிளஸ் டூ முடிவதற்கு முன்பே பள்ளிக்கூடத்தில் ஆள் எடுத்த செல்போன் கம்பெனியில் இசைவாணி தேர்வாகியிருந்தாள். பதினெட்டு முடிந்ததும் ஜூன் இரண்டாம் தேதி சேர வேண்டும். ஆள் எடுப்பதற்கு முன்னால் ஒருநாள் பஸ் வைத்துக் கூட்டிப்போய்ச் சுற்றிக் காட்டினார்கள். கண்ணாடிக் கதவு திறந்து உள்ளே கால் வைத்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போயிற்று. இவ்வளவு வெயிலுக்குப் பக்கத்தில், இருங்காட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில், இப்படி ஒரு குளிர் இருந்திருக்கிறது, தினமும் அதன் வாசல் வழியாகத்தான் டியூஷனுக்குப் போய் வந்திருக்கிறோம் என்பதே நம்ப முடியாததாக இருந்தது. வெள்ளைக் கோட்டும் தொப்பியும் போட்ட பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி முகத்திலும் எண்ணெய் வழியவில்லை. குடியாத்தம் போனால் அந்தக் கதவு அவளுக்கு இல்லை. துண்டின் முன்னால் உட்கார்ந்திருந்த இரண்டே கால் மணி நேரமும் அவள் பார்த்தது அந்தக் கதவைத்தான்.

"அந்த ஏசி ஒனக்குப் போட்டதில்ல பிள்ள" என்றாள் மாரிசெல்வி. "போனு கெட்டுப் போயிரக் கூடாதுன்னு போட்டது."

"தெரியும்க்கா."

"நானும் எங்கய்யாட்டப் பொய் சொல்லிட்டுத்தான் பஸ் ஏறுனேன். ஆனா எம் பொய்யி எம் முதுகுல கெடந்துச்சு. ஒம் பொய்யி ஒங்கப்பா முதுகுல கெடக்கு." டப்பாவை மூடினாள். பாதிச் சோறு அப்படியே இருந்தது.

"காலைல அம்மா வந்ததும் சொல்லிடறேன்."

"அம்மா கெடக்கட்டும். முதுகு யாருது?"

அதற்குமேல் அவள் திட்டவில்லை, தேற்றவும் இல்லை. தன் அறைக்குப் போய்க் கேன் தண்ணீரைச் சாய்த்தபடி இவர்கள் வீட்டுக்குள் உருட்டிக்கொண்டு வந்தாள். ஏதோ மிக்சி வந்த அட்டைப் பெட்டியின் மூடியைக் கிழித்து இசைவாணியிடம் கொடுத்தாள். கைலி கட்டிய கோலத்தில் கோதண்டம் தலையைத் தூக்கி, "யாரு, மாரிசெல்வியா? ஒனுக்கு எதுக்கும்மா சிரமம்" என்றார். நாக்கு லேசாகக் குழறியது. "சும்மா இருங்கண்ணே" என்றவள் அவர் காலில் தண்ணீரை ஊற்றினாள். வெளியே வந்து தணிந்த குரலில், "நான் ஹைவேல போயி ஒரு ஆட்டோவ மடக்கிட்டு வாரேன். நான் வாரதுக்குள்ள நூத்திரண்டு ஆனாலும் சரி, ஆகாட்டாலும் சரி, ஏத்திருவோம். நீ வீசு" என்று சொல்லிவிட்டு, அந்த யூனிஃபார்மோடேயே படியிறங்கிப் போனாள்.

இசைவாணி வீசினாள். அட்டை கையை அறுத்தது. வீசும்போது துண்டின் மேல்புறம் ஒரு நொடி குளிர்ந்து, நிறுத்தியதும் திரும்ப வெதுவெதுப்பாயிற்று. ஜன்னலுக்கு வெளியே மரமில்லை, காற்றில்லை. தூரத்தில் கம்பெனிகளின் வெளிச்சம் மட்டும் ஒன்றும் குறையாமல் வானத்தில் ஆரஞ்சாகப் படிந்திருந்தது. அவர்களுக்கெல்லாம் ஜெனரேட்டர் உண்டு. அங்கிருந்து ஒரே சீராக ஒரு உறுமல் வந்துகொண்டிருந்தது. குடியாத்தத்தில் இந்நேரம் அத்தை மொட்டை மாடியில் பாய் போட்டுப் படுத்து, விடிகாலை போர்வை தேடுவாள். போன வருஷம் அங்கே போயிருந்தபோது இசைவாணியே தேடியிருக்கிறாள். அதை அவள் அம்மாவிடம் சொன்னதே இல்லை.

"காஞ்சிச்சாம்மா?"

அட்டை நின்றது. எடுத்துக்கொண்டு போய் வாளியில் அளைந்துவிட்டு வரலாம். கால் அந்தப் பக்கமாக ஒரு அடி வைக்கவும் வைத்தது. பிறகு அவள் திரும்பி வந்தாள். துண்டை அவர் முதுகிலிருந்து உரித்தெடுத்து, சுருட்டி, நாற்காலிச் சாய்மானத்தின்மேல் மல்லாந்து கிடந்த அவருடைய வலது உள்ளங்கையில் வைத்தாள்.

விரல்கள் மெல்ல மூடின. கனத்தைப் பார்ப்பதுபோல் கையை லேசாக உயர்த்தினார்.

"எப்ப போட்டது இது?"

"ஒன்பதரைக்கு."

"இப்ப மணி இன்னா?"

"பன்னெண்டரை ஆவப் போவுதுப்பா."

அவர் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. அப்பாவுக்குக் கோபம் வந்தால் குரல் முதலில் தாழும். அவள் அதற்காகக் காத்திருந்தாள். அறைந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. அந்த உள்ளங்கைகளில்தான் அவருக்கு உணர்ச்சி இருந்தது, அறைந்தால் அவருக்கும் தெரியும்.

"அன்னிக்கி?" என்றார் கடைசியில்.

"ரெண்டே கால் மணி நேரம். அப்பவும் ஓரம் காயல."

கீழே தெருவில் ஏதோ வண்டி வந்து திரும்பாமல் போயிற்று. ஆட்டோ இல்லை. கோதண்டம் தலையைத் திருப்பாமலேயே கேட்டார்.

"ஜூன் ரெண்டாந்தேதிதான ஒனுக்கு?"

கேட்டுவிட்டுக் கையிலிருந்த துண்டை இறுக்கினார். வெதுவெதுப்பான தண்ணீர் விரலிடுக்கில் கசிந்து, மணிக்கட்டைத் தாண்டி, பளபளப்பான அந்த ஒட்டுத் தோலின் மேடு பள்ளங்களில் வழி தேடி இறங்கி, முழங்கையில் வந்து நின்றது. அங்கிருந்து தரையில் சொட்டத் தொடங்கியது. ஒன்று. இன்னொன்று. கோதண்டம் நெற்றியை நிமிர்த்தி, அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று இருட்டில் தலையை இப்படியும் அப்படியும் திருப்பித் தேடினார்.